பெர்கமோ போய்வர 16 மில்லி செகண்ட், அதற்குமேல் உங்கள் கைவண்ணம்

ஒஸ்லோ பங்குச்சந்தையில் வியாபாரம் செய்கிறவர்களுக்கு ஒரு டெஸ்க்டாப் சாப்ட்வேர் எழுதித் தரும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. வேகமாக இருக்கவேண்டும், தொட்டவுடன் பதில் சொல்லவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்தும் ஆகிவிட்டது. பயப்படாதீர்கள். அப்படி எழுதிக் கொடுத்த பிறகும் ஆமை வேகச் சாப்ட்வேரைக் கொடுத்து, வருடாவருடம் பராமரிப்புக் கட்டணமும் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அந்தக் கலையைக் கற்றுக்கொடுப்பதே இந்தக் கையேட்டின் வேலை.

முதலில் ஒரு கணக்கு. ஒஸ்லோவின் தோல்புகாத்தா தெருவில், முகப்பில் தூண்கள் வைத்த பங்குச்சந்தைக் கட்டடம் இன்னும் கம்பீரமாக நிற்கிறது. சந்தை தொடங்கியது 1819-இல், கட்டடம் முடிந்தது 1828-இல். ஆனால் வாங்குகிறவரையும் விற்கிறவரையும் சேர்த்துவைக்கும் இயந்திரம் அங்கே இல்லை. 2019-இல் யூரோநெக்ஸ்ட் நிறுவனம் இந்தச் சந்தையை வாங்கியது. 2020 நவம்பரில் ஆப்டிக் என்ற தன்னுடைய கணினி அமைப்புக்கு அதை மாற்றியது. அந்த அமைப்பு அப்போது லண்டனுக்குப் பக்கத்தில் பாசில்டனில் இருந்தது. 2022 ஜூனில் அதுவும் மூட்டை கட்டிக்கொண்டு இத்தாலியின் பெர்கமோவுக்குப் போய்விட்டது. எக்வினோரின் எண்ணெய், மோவியின் சால்மன் மீன், டிஎன்பி வங்கி என்று நார்வே நாட்டுப் பங்குகளெல்லாம் இந்தச் சந்தையில் கைமாறுவது இப்போது ஆல்ப்ஸ் மலைக்குத் தெற்கே.

ஒஸ்லோவிலிருந்து பெர்கமோ நேர்கோட்டில் ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் வெளிச்சம் விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போக 8 மில்லி செகண்ட், வர 8, ஆக 16. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் நாலு பெட்டிகளைத் தாண்டவேண்டும், ஆகவே இன்னும் கொஞ்சம் கூடும். மறுபக்கம், சாதாரணக் கணினித் திரை விநாடிக்கு 60 முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. ஒரு முறைக்கு 16.7 மில்லி செகண்ட். அதாவது திரை ஒருமுறை கண்சிமிட்டும் நேரத்தில் வெளிச்சம் இத்தாலிக்குப் போய்த் திரும்பிவிடும்.

ஆர்டர் பொத்தானை அழுத்தி 3 விநாடி கழித்துத்தான் திரையில் ஏதாவது நடக்கிறது என்றால், அதில் இயற்கையின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பது இந்த இடத்துக்கென்றே சொன்னது போல இருக்கிறது. நீங்கள்தான் பூசாரி.

ஊரின் வரலாற்றை யாரிடமும் சொல்லாதீர்கள்

வேறு ஊராக இருந்தால் "எங்களுக்கு இந்தத் தொழில் புதிது" என்று சமாளிக்கலாம். ஒஸ்லோவில் அது எடுபடாது. 1960-களில் இங்கே நார்வே கணினி மையத்தில் கிறிஸ்டன் நைகோர், ஊலே-யோஹான் டால் என்ற இருவர் சிமுலா என்ற மொழியை உருவாக்கினார்கள். கிளாஸ், ஆப்ஜெக்ட் என்று இன்று பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்களே, அதெல்லாம் சிமுலா 67-இல் பிறந்தவை. இருவருக்கும் 2001-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது, இருவரும் 2002-இல் சில வார இடைவெளியில் காலமானார்கள். சிமுலா முதலில் எதற்காகச் செய்யப்பட்டது? வரிசைகளை ஆராய. ஓர் இடத்தில் வேலைகள் எப்படித் தேங்கி நிற்கின்றன, எங்கே அடைத்துக்கொள்கிறது, ஆளைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதைக் கணினியில் நடத்திப் பார்க்க. வரிசையில் தேங்குவதை ஆராயவே ஒரு மொழி கண்டுபிடித்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் ஆர்டர்களைத் தேங்க வைக்கப்போகிறீர்கள். கொஞ்சம் தைரியம் வேண்டும்.

இன்னும் இருக்கிறது. தகவல் ஒரு பக்கம், அதைக் காட்டும் திரை ஒரு பக்கம், பயனாளரின் கட்டளை ஒரு பக்கம் என்று மூன்றாகப் பிரிக்கும் எம்விசி முறையை 1979 வாக்கில் கலிபோர்னியாவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் எழுதிவைத்தவர் த்ரூக்வே ரேன்ஸ்கெளக். அவரும் நார்வேக்காரர், பிறகு ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ஒரே நிரலை விண்டோஸிலும் யூனிக்ஸிலும் ஜன்னலாகத் திறந்து காட்டும் க்யூட் என்ற கருவிப்பெட்டி, ஹோவார்ட் நூர், ஐரிக் சாம்பே-எங் என்ற இருவர் 1994-இல் தொடங்கிய ட்ரோல்டெக் நிறுவனத்திலிருந்து வந்தது. அதன் தலைமையகம் ஒஸ்லோ. 2008-இல் நோக்கியா அதை வாங்கிக்கொண்டது.

இதற்கெல்லாம் மேலே, நீங்கள் செய்யப்போகிற அதே பொருளை இதே ஊரில் ஏற்கெனவே செய்து விற்றவர்களும் உண்டு. கிறிஸ்டியன் நெஸ்பாக், மோர்டன் லிண்டெமன் இருவரும் 1998-இல் ஒஸ்லோவில் தொடங்கிய இன்ஃப்ரன்ட் நிறுவனம், ப்ளூம்பெர்க் போன்ற மலைகளுக்கு எதிரே டெர்மினல் விற்று நார்டிக் நாடுகளில் நிலைத்து நின்றது. 2017-இல் ஒஸ்லோ சந்தையிலேயே தன் பங்கையும் பட்டியலிட்டது. 2021-இல் ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்கியபின் பட்டியலிலிருந்து விலகியது. இடைப்பட்ட நாலு வருடம், தங்கள் நிறுவனப் பங்கின் விலை விழுவதையும் எழுவதையும் தங்கள் சாப்ட்வேரிலேயே பார்க்கும் வாய்ப்பு அந்த ஊழியர்களுக்கு இருந்தது. தரத்தைக் காப்பாற்ற இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. உங்கள் நிறுவனத்தில் அப்படி எதையும் அனுமதிக்காதீர்கள்.

எல்லா வேலையையும் ஒரே ஆளிடம் கொடுங்கள்

மந்தமான சாப்ட்வேருக்கு அஸ்திவாரம் இதுதான். திரையில் வரைவதற்கும், மவுஸ் கிளிக்கையும் விசைப்பலகையையும் கவனிப்பதற்கும் நிரலில் ஒரே ஒரு த்ரெட், அதாவது வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் ஓர் ஓட்டம், இருக்கும். பழக்கத்தில் அதை மெயின் த்ரெட் என்பார்கள். அதற்கு எவ்வளவு குறைவாக வேலை கொடுக்கிறோமோ அவ்வளவு சுறுசுறுப்பு. ஆகவே நீங்கள் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டுங்கள். வலையிலிருந்து விலை வாங்குவது, பிரித்துப் படிப்பது, லாப நஷ்டக் கணக்கு, டிஸ்க்கில் பதிவு எழுதுவது, "டிங்" என்று மணியடிப்பது, எல்லாம்.

சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. அதற்கென்று நாள் வரவேண்டும். 2025 ஜூன் 19, வியாழக்கிழமை, காலை 10 மணியை எடுத்துக்கொள்ளுங்கள். நார்வேயின் மத்திய வங்கி வட்டி முடிவைச் சொல்லும் நேரம் அது. 4.5 சதவீதத்திலேயே விட்டுவிடுவார்கள் என்றுதான் பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள். 4.25 என்று வந்தது. ஐந்து வருடத்தில் முதல் குறைப்பு. குரோனர் சரிந்தது. அந்த மாதிரி நொடியில் உங்கள் சாப்ட்வேருக்குள் என்ன நடக்கும் என்று பக்கத்தில் போய்ப் பாருங்கள். அதுவரை சொட்டுச் சொட்டாக வந்த விலைகள் குழாய் உடைந்த மாதிரி வருகின்றன. ஒவ்வொன்றும் மெயின் த்ரெட்டின் கதவைத் தட்டி, "என் கட்டத்தைப் பச்சையாக்கு, என் வரிசையை மறுபடி அடுக்கு, கூட்டுத்தொகையை மாற்று" என்கிறது. நடுவில் டிரேடர் "விற்பனை" பொத்தானை அழுத்துகிறார். அந்தக் கிளிக்கும் ஒரு செய்திதான். அதுவும் வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது, தனக்கு முன்னால் நிற்கும் ஆயிரம் விலைகளும் பச்சை பூசிக்கொள்ளும்வரை. அவர் மறுபடி அழுத்துகிறார். மறுபடியும். 5 விநாடி அசைவில்லை என்றால் விண்டோஸ் தானாகவே ஜன்னலை வெளுக்கவைத்து, பதில் இல்லை என்று தலைப்பில் எழுதிவிடும். பிறகு மூச்சு வரும்போது மூன்று விற்பனை ஆர்டர்கள் ஒன்றாகக் கிளம்பும்.

விவரம் தெரிந்தவர்கள் இதை எப்படித் தவிர்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது அவசியம், இல்லையென்றால் தற்செயலாக நீங்களும் அப்படிச் செய்துவிடக்கூடும். விலை வாங்கும் வேலையைத் தனி த்ரெட்டில் வைக்கிறார்கள். ஒரு பங்குக்கு ஒரே ஒரு இடம் ஒதுக்கி, புது விலை வந்தால் பழையதன் மேலேயே எழுதுகிறார்கள். திரை தன்னைப் புதுப்பிக்கும்போது மட்டும், மாறிய கட்டங்களை மட்டும், அதிலும் கண்ணுக்குத் தெரிகிற வரிகளை மட்டும் வரைகிறார்கள். இருநூறு பங்குப் பட்டியலில் திரையில் தெரிவது நாற்பது என்றால் மிச்சம் நூற்றறுபதும் வரையப்படுவதே இல்லை. ஒரு பங்கின் விலை நொடிக்கு நூறு முறை மாறினாலும் திரை காட்டப்போவது அறுபதைத் தாண்டாது, கண் படிக்கப்போவது அதிலும் சொற்பம். ஆனால் நடந்து முடிந்த வர்த்தகங்களின் பட்டியலில் இந்த விளையாட்டு கூடாது. அங்கே ஒன்றைக்கூட விழுங்க முடியாது, ஒவ்வொன்றும் ஒருவருடைய பணம். எதை விழுங்கலாம், எதை விழுங்கக்கூடாது என்று தெரிவதுதான் இந்தத் தொழிலில் பாதி. நீங்கள் இரண்டையும் மாற்றிச் செய்யுங்கள்: எல்லா விலையையும் வரையுங்கள், வர்த்தகப் பட்டியலில் அவ்வப்போது ஒன்றிரண்டைத் தவறவிடுங்கள்.

ஜன்னலுக்குள் ஒரு முழு பிரவுசரை வையுங்கள்

இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லோரும் ஏற்கெனவே செய்கிறார்கள். ஒரு ஆர்டர் பெட்டியைக் காட்ட முழுக் குரோமியம் பிரவுசரையும் உள்ளே தூக்கிவைத்து, டிரேடரின் நாலு திரையிலும் பரவிக் கிடக்கும் முப்பது ஜன்னலுக்கும் அதையே செய்து, நினைவகம் நிரம்பியதும் குப்பை பொறுக்க ஒரு நிமிடம் நிறுத்தினால் போதும். பிரவுசரிலும் வேகமாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். அவர்களை வேலைக்கு எடுக்காதீர்கள்.

அழகுணர்ச்சி உள்ள டிசைனர் ஒருவரை மட்டும் கண்டிப்பாக எடுங்கள். ஆர்டர் பெட்டி திறக்கும்போது 300 மில்லி செகண்ட் மிதந்து வரவேண்டும், மூடும்போது கரைந்து போகவேண்டும். பத்தில் ஒரு விநாடிக்குள் பதில் வந்தால்தான் மனிதனுக்கு அது "உடனே" என்று தோன்றும் என்று திரை வடிவமைப்பு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் பல வருடங்களுக்கு முன்பே எழுதிவிட்டார். அந்த அளவை மூன்று மடங்கு தாண்டியும் கைதட்டு வாங்குவது டிசைனரால்தான் முடியும்.

சென்னை, கோயம்புத்தூர் புரோக்கர் ஆபீஸ்களில் ஓடின் என்ற டிரேடிங் சாப்ட்வேரின் திரைக்கு முன்னால் உட்கார்ந்த எந்த டீலரையும் கேட்டுப்பாருங்கள். எஃப்1 வாங்க, எஃப்2 விற்க. மவுஸைத் தொடவேமாட்டார். ஒரு கையில் போன், காதில் வாடிக்கையாளர், மற்றக் கை விசைப்பலகையில் தானாக ஓடும். பார்க்க லட்சணமில்லாத திரைதான், ஆனால் விரல் போகிற வேகத்துக்கு ஈடுகொடுக்கும். நீங்கள் எஃப்1-ஐ உதவிப் பக்கத்துக்கு ஒதுக்குங்கள். உதவிப் பக்கம் பிரவுசரில் திறக்கட்டும்.

கமாவா புள்ளியா, அது சின்ன விஷயம்

நார்வேயில் ஆயிரத்து இருநூற்று முப்பத்து நாலரையை 1 234,50 என்று எழுதுவார்கள். தசமத்துக்குக் கமா, ஆயிரத்துக்கு இடைவெளி. அந்த இடைவெளியும் சாதாரண இடைவெளி அல்ல, வரி உடைந்துவிடாமல் இருக்க வைக்கிற தனி எழுத்து. எக்ஸெலிலிருந்து எடுத்து ஒட்டினால் அதுவும் கூடவே வரும். நம் ஊரில் 1,23,456.50. உங்கள் குழுவில் போன வருடம் சென்னையிலிருந்து வந்த ஒரு புரோகிராமரும், ஒஸ்லோவின் குரூருத் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண் ஒருவரும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

"அண்ணா, இந்தப் பெட்டியில நான் 212,5 எண்டு போட்டால் 2125 எண்டு எடுக்குது. பாருங்கோவன்."

"கமாவை எடுத்துடும்மா, அது ஆயிரம் பிரிக்கிற கமான்னு நெனச்சுக்குது. புள்ளி வச்சுப் போடு."

"நான் புள்ளி வைப்பன். கஸ்டமர் வைக்கமாட்டார். இஞ்ச எல்லாரும் கமாதான் அண்ணா."

"மேனுவல்ல எழுதிடலாம்."

இந்தக் கடைசி வாக்கியத்தை ஆபீஸ் சுவரில் எழுதி மாட்டுங்கள். 212,5 குரோனருக்கு விற்க நினைத்தவர் 2125-க்கு விற்பனை போட்டால் நஷ்டமில்லை, யாரும் வாங்கமாட்டார்கள். வாங்க நினைத்தவர் 2125-க்கு ஆர்டர் போட்டால்தான் சங்கடம். அதற்கு என்ன செய்யலாம்? எச்சரிக்கை வைக்கலாம்.

எச்சரிக்கையைத் தாராளமாக வையுங்கள்

இங்கே உங்களுக்கு முன்னோடிகள் பெரிய இடத்துக்காரர்கள். 2022 மே 2, திங்கட்கிழமை, லண்டனில் விடுமுறை நாள். சிட்டி வங்கியின் டிரேடர் ஒருவர் 5.8 கோடி டாலருக்குப் பல பங்குகள் அடங்கிய ஒரு கூடையை விற்க நினைத்தார். அந்த எண்ணைத் தொகைக் கட்டத்தில் போடுவதற்குப் பதிலாக எண்ணிக்கைக் கட்டத்தில் போட்டுவிட்டார். கூடையின் மதிப்பு 44,400 கோடி டாலர் ஆயிற்று. சாப்ட்வேர் எச்சரிக்கவில்லையா? எச்சரித்தது. 711 எச்சரிக்கைகள், ஒரே பெட்டியில். திரையில் தெரிந்தது முதல் 18 வரிகள். மிச்சத்தைக் கீழே உருட்டிப் படிக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே அழுத்தில் தாண்டிவிட முடிந்தது. ஒரு பகுதியை வங்கியின் வேறு தடுப்புகள் நிறுத்தின. ஆனாலும் அவர் ரத்து செய்வதற்குள் 140 கோடி டாலர் பங்குகள் ஐரோப்பியச் சந்தைகளில் விற்கப்பட்டன, நார்டிக் சந்தைகள் சில நிமிடம் தடதடவென்று ஆடின. 2024 மே மாதம் இரண்டு பிரிட்டிஷ் ஒழுங்குமுறை அமைப்புகள் சேர்ந்து விதித்த அபராதம் 6.16 கோடி பவுண்டு.

டோக்கியோவில் 2005 டிசம்பர் 8 அன்று மிசுஹோ நிறுவனத்தில் ஒரு பங்கை 6,10,000 யென்னுக்கு விற்பதற்குப் பதிலாக 6,10,000 பங்குகளை ஒரு யென்னுக்கு விற்றார்கள். அங்கேயும் எச்சரிக்கை வந்தது, தட்டிவிட்டார்கள். தப்பு தெரிந்து ரத்து செய்யப் பார்த்தபோது சந்தையின் கணினி அதை ஏற்கவில்லை. மும்பையில் 2012 அக்டோபர் 5 அன்று எம்கே நிறுவனத்தின் டீலர் ஒருவர் போட்ட தவறான ஆர்டர்கள் 650 கோடி ரூபாய்க்கு மேல். நிஃப்டி சில விநாடிகளில் ஏறக்குறைய 900 புள்ளி விழுந்தது.

மனிதன் ஒரு நாளைக்கு இருநூறு முறை "சரி" அழுத்தப் பழகிவிட்டால் இருநூற்று ஒன்றாவதையும் படிக்காமல்தான் அழுத்துவான். ஆகவே பெட்டிகளைப் பெருக்குங்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும், ஒவ்வொரு ரத்துக்கும், ஜன்னலை நகர்த்துவதற்கும்கூட. எதிலும் எண்ணைப் பெரிதாகக் காட்டிவிடாதீர்கள். "இந்த ஆர்டர் வழக்கத்தைவிட 10 மடங்கு பெரிது, மொத்தம் 2 கோடி குரோனர்" என்று ஒரே வரியில் சொல்லி, ஆர்டரையும் நிறுத்திவைக்கும் கெட்ட பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அப்படிச் செய்தால் டிரேடர் படித்துவிடுவார்.

அறுந்ததை அறியவிடாதீர்கள்

இந்தக் கையேட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது. விலை தரும் இணைப்பு நின்றுபோனால் திரையில் என்ன காட்டுவது? ஒன்றும் செய்யாதீர்கள். கடைசி விலைகள் அப்படியே இருக்கட்டும். அமைதியான சந்தையும் அறுந்த இணைப்பும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், அதிலும் ஒஸ்லோவில் நண்பகலில் சில சின்னப் பங்குகள் அரைமணி நேரம் அசையாமல் கிடப்பது சகஜம். எதிர்முனையிலிருந்து விநாடிக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று ஒரு செய்தி வந்துகொண்டே இருக்கும், அது நின்றால் கட்டங்களைச் சாம்பல் நிறமாக்கவேண்டும் என்பது தொழில் தெரிந்தவர்களின் வழக்கம். அவர்கள் அழகாக இருந்த திரையை அசிங்கப்படுத்துகிறார்கள்.

அதேபோல, ஆர்டர் அனுப்பியவுடன் "முடிந்தது" என்று காட்டிவிடுங்கள். போனில் லைக் போட்டால் இதயம் உடனே சிவக்கிறதல்லவா? அங்கே சர்வர் பிறகு மறுத்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. இங்கே "அனுப்பினேன்", "சந்தை ஏற்றது", "பாதி நடந்தது", "முழுதும் நடந்தது" என்று நாலு நிலை உண்டு, நாலும் நாலு விதப் பணம். அழுத்திய அடுத்த கணம் காட்டவேண்டியது முதல் நிலையை மட்டும்தான். வேகம் என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்வதே பெரும்பாலும் இதைத்தான்: உண்மையை, அது தெரிந்த அளவுக்கு, உடனே காட்டுவது. பொய்யை அதைவிட வேகமாகக் காட்டலாம் என்பது உங்கள் கண்டுபிடிப்பு.

சராசரியை அளந்து பெருமைப்படுங்கள்

ஒஸ்லோ சந்தை காலை 9 மணிக்குத் தொடங்கி மாலை 4:20 வரை தொடர்ந்து நடக்கும், பிறகு ஐந்து நிமிடம் முடிவு ஏலம். மொத்தம் 440 நிமிடத் தொடர் வியாபாரத்தில் திறக்கும் நிமிடமும், மூடுவதற்கு முன்னால் வரும் நிமிடங்களும், மதியம் 3:30-க்கு நியூயார்க் திறக்கும் நேரமும்தான் திரைக்குச் சோதனை. அமெரிக்காக்காரர்கள் மார்ச்சில் கடிகாரத்தை ஐரோப்பாவுக்கு முன்பே மாற்றிவிடுவதால் அப்போது சில வாரம் அது 2:30 ஆகிவிடும், அதை நிரலில் 3:30 என்றே கையால் எழுதிவையுங்கள். மற்ற நேரத்தில் நிரல் தூங்கி வழியலாம். ஆகவே நாள் முழுவதற்கும் சராசரி எடுத்தால் எண் தங்கமாக வரும். நூறு பதில்களில் மிக மோசமான ஒன்றை மட்டும் தனியாக அளக்கச் சொல்லும் ஆள் குழுவில் இருந்தால், அவரை வேறு பிராஜெக்டுக்கு மாற்றுங்கள். சோதனையைப் புரோகிராமரின் புத்தம்புது கணினியில், ஒரே திரையில், ஞாயிற்றுக்கிழமை நடத்துங்கள்.

பயனாளரைக் கிட்டே சேர்க்காதீர்கள்

நார்வேயில் இது கொஞ்சம் சிரமம். சிமுலா புகழ் நைகோர் 1970-களின் தொடக்கத்தில் இரும்பு உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து ஒரு வேலை செய்தார்: தொழிற்சாலைக்குள் வரும் கணினி அமைப்பைத் திட்டமிடும் இடத்தில், அதை இயக்கப்போகிற தொழிலாளியும் உட்காரவேண்டும் என்றார். அந்த யோசனை ஸ்காண்டிநேவியா முழுக்கப் பரவி ஒரு மரபாகவே ஆகிவிட்டது. ஆகவே டிரேடர் ஒருவரைக் கூட்டத்துக்கு அழைத்தே தீரவேண்டும் என்று யாராவது சொல்வார்கள். அழையுங்கள். காலை 9 மணிக்கு.

ரோபோவோடு ஓட்டப்பந்தயம் வையுங்கள்

முதலாளி எப்படியும் ஒருநாள் கேட்பார், "நம் சாப்ட்வேர், தானாக வியாபாரம் செய்யும் ரோபோ நிரல்களைவிட வேகமாக இருக்குமா?" இருக்கும் என்று சொல்லுங்கள். பெர்கமோவில் சந்தைக் கணினிக்குப் பக்கத்திலேயே அறை எடுத்து உட்கார்ந்திருக்கும் ரோபோவுக்கு மைக்ரோ செகண்டில் வேலை நடக்கிறது. ஒஸ்லோவில் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மவுஸை எடுக்கும் மனிதனுக்கு அந்தப் பந்தயத்தில் இடமே இல்லை, திரை எவ்வளவு வேகமாக இருந்தாலும். அவருக்குத் திரை வேண்டியது யோசிக்க, யோசித்ததைத் தடங்கலில்லாமல் செய்ய.

யோசித்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊரிலேயே சாட்சி இருக்கிறது. டிம்பர் ஹில் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ரோபோ ஒஸ்லோவில் அதிகம் கைமாறாத சில பங்குகளில் விலை சொல்லிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து வியாபாரம் செய்த இரண்டு நார்வேக்காரர்கள் அதைக் கவனித்தார்கள். நூறு பங்கு வாங்கினாலும் பத்தாயிரம் வாங்கினாலும் அந்த ரோபோ விலையை ஒரே அளவுதான் நகர்த்துகிறது. சின்னச் சின்னதாக வாங்கி விலையை மேலே ஏற்றிவிட்டு, மொத்தமாக அதனிடமே விற்றார்கள். சில லட்சம் குரோனர் கிடைத்தது, கூடவே வழக்கும். 2010-இல் ஒஸ்லோ நீதிமன்றம் சந்தையைத் திரித்தார்கள் என்று தண்டித்தது. 2012-இல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. அவர்கள் வேகமான கணினி எதுவும் வாங்கியதாகத் தெரியவில்லை.

அதே 2012 செப்டம்பரில் ஒஸ்லோ சந்தை ஒரு புது விதி கொண்டுவந்தது: ஒரு வர்த்தகத்துக்கு 70 ஆர்டர்களுக்கு மேல் போட்டுத் திரும்பப் பெறுகிறவர்கள், மிஞ்சிய ஒவ்வொன்றுக்கும் 5 ஓரே கட்டவேண்டியிருந்தது. நூறு ஓரே ஒரு குரோனர். நார்வேயில் மிச்சமிருந்த கடைசி ஓரே நாணயமான 50 ஓரேயை அந்த ஆண்டு மே மாதம்தான் செல்லாததாக்கியிருந்தார்கள். உங்கள் சாப்ட்வேரில் விலைப் பெட்டியின் மேல்நோக்கு அம்பை ஒருமுறை அழுத்தினால் பழைய ஆர்டர் ரத்தாகிப் புது ஆர்டர் போகும்படி அமைத்துவிட்டால், இந்த மாதிரிக் கட்டணத்தை மனிதர்களும் கட்டமுடியும்.

வெளியீட்டு நாள்

ஈஸ்டருக்கு முந்தைய புதன்கிழமைதான் சரியான நாள். அன்று சந்தை அரைநாள்தான், ஆனால் உங்கள் நிரலில் மூடும் நேரம் 4:20 என்று எழுதியிருப்பதால் மதியத்துக்குமேல் டிரேடர்கள் போடும் ஆர்டர்களை அது புன்னகையோடு வாங்கி வைத்துக்கொள்ளும். வியாழன், வெள்ளி, அடுத்த திங்கள் எல்லாம் விடுமுறை. புதன் மதியமே பாதி ஒஸ்லோ காரில் சறுக்குக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு மலைக் குடிசைகளுக்குக் கிளம்பிவிடும், உங்கள் தலைமைப் புரோகிராமரும் போவார். அவர் குடிசையில் சிக்னல் கிடைக்காது, கிடைத்தாலும் எடுக்கமாட்டார், அது இங்கே அவருடைய உரிமை. புதிய பதிப்பில் ஒரு சிறு பிழை இருப்பதாக அவர் கிளம்புமுன் மெயில் போட்டிருப்பார். செவ்வாய்க்கிழமை காலை எல்லோர் திரையிலும் ஒரு பெட்டி வரும்: அப்டேட் தயார், இப்போதே நிறுவுகிறோம், கணினியை அணைக்காதீர்கள். அதை 8:59-க்கு வரும்படி அமையுங்கள். ரத்துப் பொத்தான் வேண்டாம்.